நாலு ஜிபி போட்டேன், மூணேகால்தான் காட்டுது!

உங்கள் பழைய கணினியில் 4 ஜிபி ராம் (கணினி ஓடும்வரை மட்டும் தகவலைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) இருக்கிறது. கடைக்காரர் அப்படித்தான் சொன்னார், பில்லிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து ‘மை கம்ப்யூட்டர்’ மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால், 3.25 ஜிபி என்கிறது. முக்கால் ஜிபி எங்கே போனது? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பெரும்பாலும் இல்லை. அந்த முக்கால் ஜிபி உங்கள் பெட்டிக்குள்ளேயேதான் இருக்கிறது. அது ஏன் கண்ணில் படவில்லை என்று தெரிந்துகொண்டால், புது ராம் வாங்கும் செலவு பல சமயம் மிச்சமாகும்.

சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தில் இந்தச் சந்தேகம் வர இடம் உண்டு. இங்கே பழைய கணினிகள் இன்னும் வேலை பார்க்கின்றன. ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஆதார் பிரிண்ட் எடுக்கும் டெஸ்க்டாப், மறைமலை நகர், ஒரகடம் பக்கத்து அலுவலகங்கள் கழித்துக்கட்டி கைமாறி வந்த பெட்டி, காட்டாங்குளத்தூரில் படிப்பை முடித்த பையன் விற்றுவிட்டுப் போன லேப்டாப், பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. இவை எல்லாமே மெமரி கணக்கு இடிக்கிற வயதை எட்டியவை.

முதலில் எங்கே பார்ப்பது?

நான்கு இடங்களில் ராம் அளவு தெரியும். நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். முதலாவது, ராம் பட்டையின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள். இரண்டாவது, பயாஸ் (விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்). கணினியைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் அந்தத் திரை வரும். மூன்றாவது, விண்டோஸ் காட்டும் ‘இன்ஸ்டால்டு மெமரி’. நான்காவது, அதை ஒட்டி அடைப்புக்குள் வரும் ‘யூசபிள்’. விண்டோஸ் 7-இல் ‘4.00 ஜிபி (3.24 ஜிபி யூசபிள்)’ என்பது போல இருக்கும்.

எந்த இரண்டுக்கு நடுவில் எண் குறைகிறதோ, அங்கேதான் கோளாறு. லேபிளில் 4, பயாஸில் 2 என்றால் அது இரும்புச் சமாசாரம்: பட்டை, அது உட்காரும் ஸ்லாட் (மதர்போர்டில் உள்ள காடி), மதர்போர்டு. பயாஸில் 4, விண்டோஸில் 3.25 என்றால் அநேகமாக எதுவும் கெடவில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கடைக்கு ஓடுவதுதான் வீண் செலவுக்கு ஆரம்பம்.

பயாஸில் சரி, விண்டோஸில் குறைவு. ஏன்?

உங்கள் விண்டோஸ் 32-பிட்டா, 64-பிட்டா என்று பாருங்கள். அதே பிராப்பர்ட்டீஸ் பக்கத்தில் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் இருக்கும். 32-பிட் என்றால் விடை பாதி கிடைத்துவிட்டது.

ராமில் உள்ள ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண் வேண்டும். 32-பிட் விண்டோஸ் கையில் உள்ள கதவு எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதாவது சரியாக 4 ஜிபி. ஆனால் தெருவில் ராம் மட்டும் குடியிருக்கவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, பயாஸ் என்று ஒவ்வொன்றுக்கும் இதே தெருவில் எண் ஒதுக்கியாக வேண்டும். அவை எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் ராமுக்கு. எண் கிடைக்காத ராம் பட்டையில் இருக்கும், ஆனால் அதை யாராலும் கூப்பிட முடியாது.

அதனால்தான் ஒருவர் பெட்டியில் 3.5, இன்னொருவர் பெட்டியில் 3.25, பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டவரிடம் 2.75 என்று ஆளுக்கொரு எண் வருகிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு பெரிதானால், அது விழுங்கும் எண்களும் பல சமயம் கூடும்.

இது இன்று நேற்று வந்த சங்கதியும் இல்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்த இன்டெல் 8088 சில்லுக்கு எட்டியது மொத்தமே 1 எம்பி. அதில் 384 கேபியைத் திரை, பயாஸ் போன்றவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சம் 640 கேபியைத்தான் நிரல்களுக்குக் கொடுத்தார்கள். அன்று கேபி, இன்று ஜிபி. கணக்கு அதேதான்.

அப்படியானால் 64-பிட் விண்டோஸ் போட்டால் வந்துவிடுமா?

வரும், இரண்டு நிபந்தனைகளோடு. மதர்போர்டு, மறைந்த ராமை 4 ஜிபிக்கு மேலே உள்ள எண்களுக்கு மாற்றிக் கொடுக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். சில பயாஸ்களில் ‘மெமரி ரீமேப்’ என்ற பெயரில் இந்த வசதி அணைந்து கிடக்கும். அதை ‘எனேபிள்’ செய்தால் போதும். ஆனால் 2005 வாக்கில் வந்த இன்டெல் 945 வகை மதர்போர்டுகளுக்கு இந்த வித்தையே தெரியாது. அவற்றில் 64-பிட் போட்டாலும் அதே மூணேகால்தான்.

இரண்டாவது, 32-இலிருந்து 64-க்கு மேலாகப் பூச முடியாது. முழுவதும் அழித்துப் புதிதாகத்தான் போட வேண்டும். டாலி கணக்கு, கல்யாண போட்டோ எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் எடுத்து வைக்காமல் இதில் இறங்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், 4 ஜிபி மட்டுமே உள்ள பெட்டியில் இதற்காக மெனக்கெட வேண்டாம். 64-பிட் விண்டோஸ் தானே கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். முக்கால் ஜிபி கிடைத்தால் அதில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். 6 ஜிபி, 8 ஜிபி என்று போகிறவர்களுக்குத்தான் 64-பிட் கட்டாயம்.

என் விண்டோஸ் 64-பிட்தான், அப்படியும் குறைகிறதே?

இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, மதர்போர்டிலேயே கிராஃபிக்ஸ் உள்ள கணினி. அதற்குத் தனி மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஏஎம்டி சில்லுள்ள லேப்டாப்களில் 256 எம்பி, 512 எம்பி என்று கண்ணுக்குத் தெரியும் அளவுக்கே ஒதுக்கிவிடும். விண்டோஸ் 10-இல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் ‘ஹார்ட்வேர் ரிசர்வ்டு’ என்று அந்த அளவு இருக்கும். சில பயாஸ்களில் இதைக் குறைக்கலாம். டைப்பிங்கும் பிரிண்ட்டும் மட்டுமே வேலை என்றால் தாராளமாகக் குறையுங்கள்.

இன்னொன்று, யூடியூபைப் பார்த்து யாரோ செய்துவைத்த வேலை. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘எம்எஸ்கான்ஃபிக்’ என்பதை ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு பெட்டி வரும். அதில் பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போனால் ‘மேக்சிமம் மெமரி’ என்று ஒரு டிக். ‘இதை டிக் செய்தால் வேகம் கூடும்’ என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். கூடாது. அந்த டிக், ‘இதற்குமேல் ராமைத் தொடாதே’ என்று விண்டோஸுக்குப் போடும் கட்டுப்பாடு. டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். காசில்லாமல் ராம் திரும்பி வருகிற இடங்களில் இதுவும் ஒன்று.

விலையில்லா மடிக்கணினிக்கு ராம் கூட்டினேன், ஏறவே இல்லையே?

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. எல்காட் (தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனம்) வழியாக வாங்கி, அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸோடு லினக்ஸும் இருந்தன.

உங்களுடையதில் உள்ள விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ‘விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்’ என்றிருந்தால், அந்தப் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் ராமைத் தொடாது. மைக்ரோசாஃப்ட் வைத்த உச்சவரம்பு அது. நீங்கள் 4 ஜிபி பட்டை மாட்டினாலும், பயாஸ் 4 என்று சொன்னாலும், ஸ்டார்ட்டர் இரண்டோடு நின்றுகொள்ளும். ஒரு எளிய அடையாளம்: டெஸ்க்டாப் படத்தை (வால்பேப்பர்) மாற்ற முடியவில்லையா? அப்படியானால் ஸ்டார்ட்டர்தான். அந்த வசதியையும் அதில் எடுத்துவிட்டிருந்தார்கள்.

மற்ற விண்டோஸ் 7 பதிப்புகளுக்கும் வரம்பு உண்டு. 32-பிட் என்றால் எல்லாவற்றுக்கும் 4 ஜிபி. 64-பிட்டில் ஹோம் பேசிக்குக்கு 8, ஹோம் பிரீமியத்துக்கு 16. பழைய பெட்டிக்காரர்களுக்கு உண்மையில் இடிப்பது ஸ்டார்ட்டர் ஒன்றுதான்.

அதற்கு வழி? லினக்ஸுக்குப் போகலாம். லினக்ஸில் இப்படிப் பதிப்புக்கொரு வரம்பு கிடையாது. விண்டோஸ் 10-க்குக்கூட மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 7-க்கு அதற்கும் ஐந்து வருடம் முன்பே முடிந்தாயிற்று. பழைய விண்டோஸில் பேங்க் வேலை பார்ப்பதைவிட, எடை குறைந்த ஒரு லினக்ஸில் பார்ப்பது நல்லது. பிள்ளை டைப்பிங் பழகவும் பாடம் பார்க்கவும் அது போதும்.

லினக்ஸ் இன்னொரு விதத்திலும் உதவும். பென் டிரைவிலிருந்தே அதை ஓட்டிப் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்கைத் தொட வேண்டாம். 64-பிட் லினக்ஸில் 4 ஜிபியில் பெரும்பகுதி தெரிந்து, விண்டோஸில் தெரியவில்லை என்றால் வழக்கு விண்டோஸ் மேல். அதிலும் குறைந்தால் பயாஸ், மதர்போர்டு மேல்.

பயாஸிலேயே குறைகிறது. இப்போது என்ன?

இப்போதுதான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கலாம். பிளக்கைப் பிடுங்குங்கள். லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றுங்கள். பிறகு பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கிய மின்சாரம் வடியும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொடுங்கள். நம் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் ராமைக் கொல்லக்கூடியது.

பட்டையின் இரு முனைகளிலும் உள்ள கிளிப்பை வெளியே தள்ளினால் அது தானே எழும்பும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். கீழ் விளிம்பில் வரிசையாக மஞ்சள் நிறத்தில் மின்னுவதுதான் தொடர்புப் பற்கள். கடலும் ஏரியும் சூழ்ந்த செங்கல்பட்டு வட்டார ஈரக்காற்றில் சில வருடம் கிடந்த பட்டையில் அவை மங்கியிருக்கும். ஸ்ரீபெரும்புதூர் சாலையோரக் கடை என்றால் லாரிப் புழுதியும் படிந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிப்பானால் அந்தப் பற்களை மெதுவாக, மேலிருந்து கீழாகத் தேயுங்கள். உதிர்ந்த துகளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். ஸ்லாட்டுக்குள்ளும் பிரஷ் ஓட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

திரும்ப மாட்டும்போது இரு கிளிப்பும் ‘டிக்’ என்று தானாக மூட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூடினால் பட்டை சாய்ந்திருக்கிறது என்று பொருள். மெமரி பாதி காணாமல்போவதற்கு இந்தச் சாய்வே பல சமயம் காரணம்.

அப்படியும் வரவில்லையென்றால்? ஒரே ஒரு பட்டையை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாட்டிப் பாருங்கள். பிறகு அடுத்த பட்டை. எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஒரு பட்டை வேலை செய்யவில்லை என்றால் பட்டை போயிற்று. எந்தப் பட்டையைப் போட்டாலும் ஒரு ஸ்லாட் மட்டும் காட்டவில்லை என்றால் ஸ்லாட் போயிற்று. சமீபத்தில் யாராவது பிராசசரைக் கழற்றிப் பசை தடவினார்களா என்றும் யோசியுங்கள். இன்டெல் பெட்டிகளில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டில் மயிரிழை போன்ற ஊசிகள் இருக்கும். புதிய தலைமுறைகளில் ஒரே ஒரு ஊசி வளைந்தால்கூட ஒரு பக்கத்து ராம் முழுதும் மறைந்துவிடலாம். அதை வீட்டில் நிமிர்த்தப் பார்க்க வேண்டாம், ஆளிடம் கொடுங்கள்.

ராம் சரியாகத்தான் காட்டுகிறது, ஆனால் எப்போதும் நிரம்பியே இருக்கிறதே?

இது வேறு கதை. டாஸ்க் மேனேஜரில் 90 சதவீதம் என்கிறது, பட்டியலில் உள்ள நிரல்களைக் கூட்டினால் அதில் பாதிகூட வரவில்லை. மிச்சத்தைத் தின்பது யார்? மெமரி பக்கத்தின் கீழே ‘நான்-பேஜ்டு பூல்’ என்ற எண்ணைப் பாருங்கள். சில நூறு எம்பிக்குள் இருந்தால் சரி. 1 ஜிபியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், ஏதோ ஒரு டிரைவர் (ஒரு கருவியை இயக்கும் சிறு மென்பொருள்) வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுக்காமல் ஓடுகிறது. நெட்வொர்க் டிரைவர், பழைய ஆன்டிவைரஸ் ஆகிய இரண்டின் மேல்தான் முதல் சந்தேகம். புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் நீக்குங்கள்.

‘ராத்திரி அணைத்துவிட்டுத்தானே போகிறேன், காலையிலும் நிரம்பியிருக்கிறதே’ என்று கேட்பீர்கள். விண்டோஸ் 8, 10-இல் ஷட்டவுன் கொடுத்தால், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற ஏற்பாட்டால் விண்டோஸின் உள்பகுதி அப்படியே டிஸ்கில் எழுதப்பட்டு, மறுநாள் அதே நிலையில் எழும். ஒழுகிய டிரைவரும் அதோடு எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் துடைத்துப் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுப்பது பழைய கணினிக்கு நல்லது.

500 ஜிபி ஹார்ட் டிஸ்க் 465 காட்டுகிறதே, அதுவும் இதே கோளாறா?

இல்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. விலையில்லா மடிக்கணினியின் 320 ஜிபி, 298 என்று தெரிவதும் அதனால்தான். ஒன்றும் தொலையவில்லை.

சரி, ராம் வாங்கியே தீர வேண்டும் என்றால்?

முதலில் உங்கள் மதர்போர்டு எவ்வளவு தாங்கும், எந்த வகை தாங்கும் என்று பாருங்கள். டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தாது, வெட்டே வேறு இடத்தில் இருக்கும். ‘சிபியு-இசட்’ என்ற இலவச நிரலில் வகையும் வேகமும் தெரியும்.

பழைய ஜி41 மதர்போர்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டிடிஆர்3 4 ஜிபி பட்டை வாங்கும்போது அதன் மேலுள்ள கறுப்புச் சில்லுகளை எண்ணுங்கள். இரு பக்கமும் சேர்த்து 16 இருந்தால் ஓடும். புதிதாக வரும் 8 சில்லுப் பட்டை பாதி அளவைக் காட்டும், அல்லது திரையே வராது. பட்டையின் மேல் குற்றமில்லை, அந்த மதர்போர்டுக்கு அவ்வளவு அடர்த்தியான சில்லைப் படிக்கத் தெரியாது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ‘ஏஎம்டி ஒன்லி’ டிடிஆர்2 பட்டைகளும் இப்படித்தான், இன்டெல் பெட்டியில் வேலைக்காகாது.

4 ஜிபி ஏற்கெனவே இருக்கிறது, கணினி மட்டும் நத்தை மாதிரி ஊர்கிறது என்றால், ராம் வாங்க வைத்திருக்கும் காசில் ஒரு சிறிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குங்கள். தொலைந்த முக்கால் ஜிபியைத் தேடிப் பிடிப்பதைவிட அதில் கிடைக்கும் வித்தியாசம் பெரிது.

சென்னையில் கணினிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போவதென்றால் செங்கல்பட்டு ‘லோக்கல்’ ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்குங்கள். கையோடு பழைய பட்டையை ஒரு காகித உறையில் எடுத்துப் போங்கள். மதர்போர்டின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். பில்லில் வகை, அளவு, வேகம் மூன்றும் இருக்க வேண்டும். ‘ஓடாவிட்டால் மாற்றித் தருவேன்’ என்று கடைக்காரரைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சிங்கப்பெருமாள் கோவிலிலேயே மெக்கானிக்கிடம் கொடுத்தால், கழற்றிய பட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள்.